ப்ரூடென்ஸம்மாவின் சீட்டி

உட்காருங்க, உட்காருங்க. தாராளமா உட்காருங்க, இந்த பெஞ்சை நான் ஒண்ணும் கிரயம் பண்ணி வைக்கலை. புடவை, மேல ஸ்வெட்டர், கால்ல ஸ்போர்ட்ஸ் ஷூ. அங்க காரை விட்டு இறங்கும்போதே நம்ம ஊர்க்காரங்கன்னு தெரிஞ்சுபோச்சு. மகனைப் பார்க்க வந்திருக்கீங்களா, மகளையா? மகளா? கொடுத்து வச்சவங்க. மருமக வீட்டுச் சமையல்கட்டுல ஒரு கரண்டியைத் தொடக்கூட நமக்குப் பயமா இருக்கும். என்ன, முட்டி வலியா? மாடிப்படி நிறைய இருக்குன்னு உங்களை இங்க உட்கார வச்சுட்டு மகளும் பேத்தியும் உள்ள போயிட்டாங்களாக்கும். அதான் வழக்கம். வாராவாரம் நம்ம ஊர் அம்மா யாராவது ஒருத்தங்க இந்த பெஞ்சுல முட்டியைத் தேய்ச்சுக்கிட்டு உட்கார்ந்திருப்பாங்க.

எந்த ஊரு உங்களுக்கு?

திருத்துறைப்பூண்டியா.

இல்லை, ஒண்ணுமில்லை. சும்மாதான் கேட்டேன். நான் மன்னார்குடி. பேரு கோமளவல்லி. இங்க எல்லாருக்கும் கோமு.

நீங்க உள்ள போகாதது ஒரு வகையில நல்லதாப் போச்சு. இப்ப அங்க சொல்றதெல்லாம் காது குடுத்துக் கேக்கிற மாதிரியா இருக்கு? போன வருஷம் வந்திருந்தா நானே உங்களைக் கையைப் புடிச்சுக் கூட்டிக்கிட்டுப் போயிருப்பேன். ஆமாங்க, நான்தான் இந்த வீட்டுக்கு வழிகாட்டி. பச்சைக் கலர் பேட்ஜ், அதுல என் பேரு. சம்பளம் கிடையாது, தொண்டுதான். ஆனா யாரை வேணா கேட்டுப் பாருங்க, கோமு பேசுறான்னா சனம் காத்திருந்து வரும். அந்தப் பேட்ஜைத்தான் புடுங்கிட்டாங்க. இன்னைக்கு மூணு மணிக்கு வரச் சொல்லியிருக்கா டெனீஸ். அவதான் இப்ப இந்த வீட்டுக்கு மேனேஜர். ஒரே ஒரு தடவை, அதோ தெரியுதே கூரை போட்ட நடை, அதுல நடந்து, அவ எழுதிக் குடுத்ததை ஒழுங்கா அவ முன்னாடி சொல்லிட்டா பேட்ஜைத் திருப்பிக் குடுத்துருவாளாம். சொல்லலைன்னா இந்த வாசப்படியை இனிமே டிக்கெட் வாங்கித்தான் நான் மிதிக்கணும். காலையிலேருந்து அதையேதான் திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கிட்டிருக்கேன். மைக் இல்லாம நூறு பேருக்கு முன்னாடி பேசினவ நான், எனக்கே இப்படி.

இருங்க, யாரு வீடுன்னே சொல்லலை பாருங்க. உங்க மக சொல்லலையா? சும்மா கார்ல ஏறும்மான்னு கூட்டிக்கிட்டு வந்துட்டாளா? சரிதான்.

எலியாஸ் தார்ன்பெரின்னு ஒருத்தர் வாழ்ந்த வீடு, இப்ப காட்சிசாலையா வச்சிருக்காங்க. இந்த நாடு சுதந்திரம் வாங்கின காலத்துல ஊர் ஊராப் போய்ப் பேசி, சட்டம் எழுதி, பாரிஸுக்குக் கப்பல் ஏறி, பெரிய பெரிய காரியமெல்லாம் பண்ணின மனுஷர். வர்றவங்க எல்லாரும் அவரைத்தான் பார்ப்பாங்க. அவர் பேனா, அவர் நாற்காலி, அவர் மூக்குக்கண்ணாடி. அவர் பொண்டாட்டி பேரை நான் வந்தப்புறம்தான் இந்த வீட்டுல நாலு பேரு உச்சரிச்சாங்க. ப்ரூடென்ஸ்னு பேரு. நான் ப்ரூடென்ஸம்மாம்பேன். வெள்ளைக்காரப் பிள்ளைங்களும் என்னைப் பார்த்து 'ப்ரூடென்ஸம்மா, ப்ரூடென்ஸம்மா'ன்னு சொல்லிக்கிட்டே வரும். கேக்கவே அழகா இருக்கும்.

என்ன வாழ்க்கைங்கிறீங்க அது! கல்யாணம் ஆகி வரும்போது சின்னப் பொண்ணு. வந்து தாலி மஞ்சள் காயலை, அவங்களுக்குத் தாலி ஏது, பேச்சுக்குச் சொல்றேன், மனுஷர் குதிரை ஏறிட்டார். இந்த மீட்டிங், அந்த மீட்டிங். நாட்டை உண்டாக்குறாராம். வீட்டை யாரு உண்டாக்குறது? புகையிலைத் தோட்டம், ஆடு மாடு, தறி, மெழுகுவத்தி காய்ச்சுறது, உப்புக்கண்டம் போடுறது, எல்லாம் அவ தலையில. வைசூரி வந்தப்போ பிள்ளைங்களைப் பக்கத்துல போட்டுக்கிட்டு ஒத்தையில கிடந்தா. ரெண்டைப் பறிகொடுத்தா. அப்பவும் மனுஷர் இல்லை. எதிரிப் படை ஆத்துல படகுல வருதுன்னு சேதி வந்தப்போ, வெள்ளிப் பாத்திரத்தையெல்லாம் கோழிக்கூண்டுக்கு அடியில புதைச்சுட்டு, படை வந்து கதவைத் தட்டினதும் இடுப்புல சாவிக்கொத்தோட போய் நின்னு, 'காலைத் துடைச்சுட்டு உள்ள வாங்க'ன்னாளாம். தைரியத்தைப் பார்த்தீங்களா. உள்ள அவ படம் ஒண்ணு மாட்டியிருக்கு. அதுலயும் கை சாவிக்கொத்து மேலதான் இருக்கும்.

அந்தப் படத்தை முதல்ல பார்த்தப்பவே எனக்கு அழுகை வந்துச்சு. ஏன்னா எங்க வீட்டுக்காரரும் அதே கதைதான். அவர் நாட்டை உண்டாக்கினார்னா இவர் கோயிலை உண்டாக்கினார். இங்கேருந்து அரை மணி போனா ஒரு முருகன் கோயில் இருக்கு. அதுக்கு நிலம் பார்த்ததுலேருந்து கோபுரத்துக்குக் கலசம் வச்ச வரைக்கும் எங்க வீட்டுக்காரர்தான். பொழுது விடிஞ்சா போன், பொழுது போனா கமிட்டி. பொன்னாடை எல்லாம் அவருக்குப் போட்டாங்க. பத்து வருஷம் அந்தக் கோயிலுக்கு மடப்பள்ளியே கிடையாதுங்க. சாமிக்கு நைவேத்தியம் எங்கேருந்து போச்சு? என் வீட்டுலேருந்துதான் போச்சு. சர்க்கரைப் பொங்கல், புளியோதரை, வடை, அண்டா அண்டாவா. அதை யாராவது மேடையில சொன்னாங்களா? ஒருத்தர் சொல்லலை. அவர் போனதுக்கப்புறம் என் பையன்தான், வீட்டுலயே அடைஞ்சு கிடக்காதேம்மான்னு இங்க கொண்டு வந்து சேர்த்து விட்டான்.

நானே எப்படிச் சமைச்சேன்னு கேக்கிறீங்களா? நான் எங்க சமைச்சேன். கூட ஒரு பொண்ணு இருந்தா. பவுனுன்னு பேரு. ஊர்லேருந்து கூட்டிக்கிட்டு வந்தோம், சொந்தக்காரப் பொண்ணுன்னு சொல்லி. அதை விடுங்க. ப்ரூடென்ஸம்மா கதைக்கு வர்றேன்.

அதோ பாருங்க. பெரிய வீடு. அந்தப் பக்கம் தனியா நிக்குதே செங்கல் கட்டடம், அதான் சமையல்கட்டு. அந்தக் காலத்துலயே என்ன மூளை பார்த்தீங்களா! புகையும் எண்ணெய் நாத்தமும் வீட்டுக்குள்ள வரக்கூடாதுன்னு தள்ளிக் கட்டியிருக்கா. நாங்களும் அதையேதான் பண்ணினோம், கார் நிறுத்துற கராஜ்ல ஒரு பெரிய கேஸ் அடுப்பு வச்சோம். இல்லைன்னா வடை வாசனை ஜன்னல் துணியிலெல்லாம் ஏறிக்கும், பக்கத்து வீட்டுக்காரன் மூக்கைச் சுளிப்பான். ரெண்டு கட்டடத்துக்கும் நடுவுல கூரை போட்டு ஒரு நடை போகுது, தெரியுதா? அந்த நடைதாங்க என் பிராணனை வாங்குது.

அங்க ஒரு சீட்டிச் சத்தம் கேக்கும். நிஜமாத்தான் சொல்றேன். நான் முதல்ல வந்த அன்னைக்கே கேட்டேன். எல்லாரும் அந்தப் படத்தைப் பார்த்துக்கிட்டு நிக்கிறாங்க, எனக்கு மட்டும் பின்னால அந்த நடையிலேருந்து மெல்ல ஒரு சீட்டி. ஒரு மெட்டா வருது. பக்கத்துல நின்ன அம்மாவைக் கேட்டேன், உங்களுக்குக் கேக்குதான்னு. என்னதுன்னு கேட்டா. யாருக்கும் கேக்கலை. உடம்பு ஒரு மாதிரி சிலிர்த்துப் போச்சு. மறுநாளே வந்து தொண்டுக்குப் பேரு குடுத்துட்டேன்.

அது ப்ரூடென்ஸம்மாதான். வேற யாரு? புருஷன் வர்றானான்னு நடையில நின்னு, அவன் குதிரையைக் கூப்பிடுற மாதிரி சீட்டி அடிச்சுக்கிட்டு நிப்பா. அப்படித்தான் நான் எல்லாருக்கும் சொன்னேன். எந்தப் புஸ்தகத்துல இருக்குன்னு டெனீஸ் கேட்டா. எந்தப் புஸ்தகத்துலயும் இல்லை, நான்தான் சொன்னேன், அதனால என்ன? பொம்பளை மனசு பொம்பளைக்குத் தெரியாதா? கேட்டவங்க எத்தனை பேரு கண்ணைத் துடைச்சாங்க தெரியுமா.

மெட்டா? அது எங்க பக்கத்து நடவுப் பாட்டு மெட்டு. வயல்ல குனிஞ்சுக்கிட்டே பாடுவாங்களே, கடைசியில ஒரு இழுப்பு இழுத்து விடுவாங்க பாருங்க, அது அப்படியே. ப்ரூடென்ஸம்மாவுக்கு திருத்துறைப்பூண்டிப் பாட்டு எப்படித் தெரியும்னு கேக்காதீங்க. மெட்டெல்லாம் எல்லா ஊருக்கும் பொதுதானே.

எல்லாம் நல்லாத்தான் போய்க்கிட்டிருந்துச்சு. டெனீஸ் வந்தா, கெட்டுது. படிச்ச பொண்ணு, மரியாதையாத்தான் பேசும், சும்மா சொல்லக்கூடாது. கறுப்பினத்துப் பொண்ணு. அவ பாட்டிக்குப் பாட்டிக்குப் பாட்டி இந்த வீட்டுல சமையல்காரியா இருந்தவளாம். ஜூனோன்னு பேராம். வந்ததும் வராததுமா எங்க எல்லாரையும் உட்கார வச்சு, இனிமே ஜூனோ கதையையும் சொல்லணும்னா. சொல்லிட்டாப் போச்சு, எனக்கென்ன? ஆனா வேலைக்காரின்னு சொல்லக்கூடாதாம். அடிமைன்னுதான் சொல்லணுமாம். வேலைக்காரின்னா என்ன குறைஞ்சு போச்சு? ஒரு வீட்டுல தின்னுட்டு, ஒரு வீட்டுல படுத்துட்டு இருந்தவளை அடிமைன்னு சொன்னா, அந்த வீட்டுக்காரியைப் பத்தி நாலு பேரு என்ன நினைப்பாங்க? பவுனுவை நான் வீட்டுப் பொண்ணு மாதிரி வச்சிருந்தேன். வீட்டுப் பொண்ணுக்கு யாராவது சம்பளம் குடுப்பாங்களா? கேக்கிறவங்க அதையும் தப்பா எடுத்துப்பாங்க.

அந்தச் சீட்டிக்கு டெனீஸ் ஒரு கதை சொன்னா பாருங்க. சமையல்கட்டுலேருந்து சாப்பாட்டைத் தூக்கிக்கிட்டு அந்த நடையில வரும்போது ஜூனோ விடாம சீட்டி அடிச்சுக்கிட்டே வரணுமாம். ஏன்னு தெரியுமா? வாய் சீட்டி அடிக்கும்போது எதையும் மெல்ல முடியாதுல்ல. வழியில ஒரு துண்டு எடுத்து வாயில போட்டுருவாளோன்னு, ப்ரூடென்ஸம்மா போட்ட சட்டமாம் அது. சீட்டி நின்னா திருட்டுன்னு அர்த்தம்.

எனக்கு எவ்வளவு கோபம் வந்துச்சுங்கிறீங்க! இதுல என்னம்மா தப்புன்னு கேட்டேன். நானும் அப்படித்தானே பண்ணினேன்? நம்ம வழக்கம் உங்களுக்குத் தெரியும். சாமிக்குப் படைக்கிறதை முன்னாடி எச்சில் பண்ணலாமா? உப்பு பார்க்கலாமா? வாசனை பிடிக்கக்கூட மாட்டோமே. அவ சின்னப் பொண்ணு, வயல் வேலை செஞ்ச வீட்டுலேருந்து வந்தவ, ஆசாரம் என்னத்தைத் தெரியும்? கராஜ்ல ஒத்தையில நின்னு வடை சுடுறா, நான் மாடியில இருக்கேன். அதனால பாடிக்கிட்டே சுடுன்னு சொன்னேன். சாமி பாட்டு சொல்லிக் குடுத்தேன், ரெண்டு வரிக்கு மேல ஏறலை. அவளுக்குத் தெரிஞ்சது நடவுப் பாட்டுதான். சரி, எதையாவது பாடித் தொலைன்னு விட்டேன். கீழேருந்து கேக்க மாட்டேங்குதுன்னு, என் பேரனுக்கு வாங்கின மெஷின் ஒண்ணு இருந்துச்சு, குழந்தை அழுதா பக்கத்து ரூம்ல கேக்குமே, அதைக் கராஜ்ல சொருகி வச்சேன். 'பவுனு, பாடிக்கிட்டே இரு, நீ பாடினாத்தான் நீ இருக்கேன்னு எனக்குத் தெரியும்'பேன். அவளும் 'சரிங்கம்மா'ம்பா. நல்ல குரல் அவளுக்கு. கோயில் வேலையெல்லாம் அந்தப் பாட்டைக் கேட்டுக்கிட்டேதான் நான் பார்த்தேன்.

இது பக்தி. அது வேற. ரெண்டும் ஒண்ணாகுமா, நீங்களே சொல்லுங்க.

என்ன, வாசலையே பார்க்கிறீங்க? பேத்தி வர இன்னும் நேரம் இருக்கு.

சரி, கேளுங்க. ஜூனோ கதை அதோட முடியலை. ஒரு குளிர்காலம், தார்ன்பெரி துரை ஊர் திரும்பிட்டார்னு பெரிய விருந்து. ஜெனரலெல்லாம் வந்து உட்கார்ந்திருக்காங்க. ஜூனோ தட்டைத் தூக்கிக்கிட்டு நடையில வர்றா, சீட்டி வருது, வருது, பாதியில நின்னு போச்சு. ப்ரூடென்ஸம்மா சாவிக்கொத்தோட எழுந்து போய்ப் பார்த்திருக்கா. நடை நடுவுல தட்டு கீழ இருக்கு. மூடி போட்டது போட்டபடி. ஒரு துண்டு குறையலை. ஆளைக் காணோம். ஆத்தங்கரை வரைக்கும் பனி. அவ்வளவுதான் கதை. டெனீஸ் வீட்டுல வாய்வழியா வந்த கதையாம். தட்டை எடுத்துக்கிட்டு வந்து ப்ரூடென்ஸம்மா விருந்தாளிங்களுக்குப் பரிமாறிட்டாளாம். வாயில வந்ததையெல்லாம் சரித்திரம்னா எப்படின்னு கேட்டேன். அவ ஒரு பார்வை பார்த்தா. 'உங்க குதிரைக் கதை மட்டும் எப்படி, கோமு?'ன்னா.

அந்தக் கதையில 'ஒரு துண்டு குறையலை'ன்னு ஒரு வரி வருது பாருங்க, அதைச் சொல்ல எனக்கு நாக்கு எழும்பலை. ஏன்னு எனக்கே தெரியலை. வீட்டுல கண்ணாடி முன்னாடி நின்னு சொல்லிப் பார்த்துட்டேன். அந்த வரிகிட்ட வந்ததும் காகிதத்தை மடிச்சு வச்சுடறேன்.

பவுனுவா? அவ போயிட்டா. தைப்பூசத்தன்னைக்குப் போயிட்டா.

எங்க கோயில் கோபுரத்துக்குக் கலசம் வச்சு முதல் தைப்பூசம். பெரிய மனுஷங்க எல்லாரும் வர்றாங்க. வெளியில ஒரே பனி. அதுக்குக் கொஞ்ச நாள் முன்னாடிதான், ஊருக்குப் போகணும்மா, அம்மாவுக்கு உடம்பு சரியில்லைம்மா, பாஸ்போர்ட்டைக் குடுங்கம்மான்னு நச்சரிச்சுக்கிட்டு இருந்தா. பூசம் முடியட்டும்னு சொன்னேன். அது தப்பா? அன்னைக்கு விடிகாலையில காப்பி குடிக்க நான் கீழ இறங்கினப்போ, 'பசிக்குதும்மா'ன்னா. முந்தின நாள்லேருந்து விரதம்ல. 'படைக்கிற வரைக்கும் பொறு, நாங்க மட்டும் சாப்பிட்டோமா?'ன்னேன். காப்பி கணக்குல வராது. அவளும் போய் அடுப்பைப் பத்த வச்சா, பாட ஆரம்பிச்சா.

நான் மாடியில பட்டுப்புடவைக்குக் கொசுவம் வச்சுக்கிட்டிருக்கேன். மெஷின்ல அவ பாட்டு கேக்குது. அந்தக் கடைசி இழுப்பு இருக்கே, அதை எடுத்தா, பாதியில நின்னுச்சு. சரி, மூச்சு வாங்குறா போலன்னு நினைச்சேன். வரலை. கர்ருன்னு மெஷின் சத்தம் மட்டும்தான். எனக்குச் சுருக்குன்னு கோபம். சாமிக்குள்ளதுல வாயை வச்சுட்டா, கையும் களவுமாப் பிடிக்கணும்னு புடவையைச் சுருட்டிக்கிட்டு இறங்கிப் போனேன். அடுப்பு அணைஞ்சிருக்கு. வடையெல்லாம் தாம்பாளத்துல அடுக்கி, மேல வெள்ளைத் துணி போட்டு மூடியிருக்கு. பக்கத்துக் கதவு திறந்து கிடக்கு. வாங்கிக் குடுத்த கோட்டு ஆணியில தொங்குது. வாசல்ல பனியில கால் தடம், ரோடு வரைக்கும் போகுது. ரோட்டுல பனி தள்ளுற வண்டி வந்து எல்லாத்தையும் வழிச்சுத் தள்ளிட்டுப் போயிருந்துச்சு.

தேடாம என்ன? தேடினேன். வாசல்ல நின்னு ரெண்டு தடவை கூப்பிட்டேன். பட்டுப்புடவையோட பனியில எங்க போக முடியும்? அபிஷேகத்துக்கு நேரம் ஆச்சு. எங்க வீட்டுக்காரர் பார்த்தார், போலீசுக்குச் சொன்னா கோயில் பேரு கெட்டுப் போகும், பசிச்சா தானா வருவா, வடையை வண்டியில ஏத்துன்னார். ஏத்தினோம். கோயில்ல கேட்டவங்களுக்கு, ஊருக்குப் போயிட்டான்னு சொன்னோம். அன்னைக்கு வடை பிரமாதம்னு எல்லாரும் சொன்னாங்க. உப்பு பார்க்காமயே அவளுக்கு உப்பு சரியா விழும்.

ஒரு வடை குறையலைங்க. அந்த விஷயத்துல அவளை ஒரு குத்தம் சொல்ல முடியாது. நான் பழக்கின பழக்கம்.

பாஸ்போர்ட் என் பீரோவுலதான் பத்திரமா இருக்கு. வந்து கேட்டா அந்த நிமிஷமே குடுத்துருவேன். அந்த மெஷினையும் இன்னும் பிடுங்கலை, சொருகினபடியேதான் இருக்கு. பையன் திட்டுறான், எதுக்கும்மா ஆளில்லாத கராஜ்ல இதுன்னு. இருந்துட்டுப் போகட்டும், கரண்டா தீரப்போகுதுன்னு சொல்லிட்டேன். பவுனோட அம்மாதான் போன் பண்ணிக்கிட்டே இருந்தாங்க. வேற வீட்டுக்கு வேலைக்குப் போயிட்டா, நல்லா இருக்கான்னு சொன்னேன். பின்ன என்னத்தைச் சொல்றது? 'ஒரு வார்த்தை பேசச் சொல்லுங்கம்மா, பேசலைன்னாலும் பரவாயில்லை, ஒரு பாட்டுப் பாடச் சொல்லுங்க, குரலைக் கேட்டாப் போதும்'னாங்க. அப்புறம் அந்த நம்பரை நான் எடுக்கிறதில்லை.

உங்க ஊர்ப் பக்கம்தான் அவங்க. திருத்துறைப்பூண்டியிலேருந்து கிழக்கே கொஞ்ச தூரம். நீங்க ஊருக்குப் போனா, அந்தப் பக்கம் யாராவது... வேண்டாம், விடுங்க. உங்களுக்கு எதுக்கு அந்த வேலையெல்லாம்.

பேட்ஜ் போன கதையைச் சொல்லி முடிச்சுடறேன். டெனீஸ் புதுசா ஒரு ஏற்பாடு பண்ணினா. வர்றவங்க எல்லாரையும் அந்த நடையில ஒவ்வொருத்தரா சீட்டி அடிச்சுக்கிட்டே நடக்கச் சொல்லணும். ஜூனோ எப்படி நடந்தான்னு உடம்புக்குத் தெரியணுமாம். பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க ஒரு கூட்டம் வந்துச்சு. நான்தான் கூட்டிக்கிட்டுப் போறேன். ஒவ்வொண்ணா நடக்குது, சீட்டி அடிக்குது, சிரிக்குது. ஒரு சின்னப் பொண்ணு, ஒல்லியா, பாதி நடையில சீட்டியை நிறுத்திட்டா. நிறுத்திட்டு வெளியில பார்க்கிறா. எனக்கு என்ன ஆச்சுன்னு தெரியலைங்க. ஓடிப்போய் ரெண்டு தோளையும் பிடிச்சு உலுக்கிட்டேன். 'ஏண்டி நிறுத்தினே, ஏண்டி நிறுத்தினே'ன்னு தமிழ்ல கத்தியிருக்கேன். அந்தக் குழந்தை பயந்து அழுதுடுச்சு. டீச்சர் புகார் எழுதிக் குடுத்துட்டா. டெனீஸ் என்னை உள்ள கூப்பிட்டுத் தண்ணி குடுத்து, 'கோமு, யாரைத் தேடினீங்க?'ன்னு கேட்டா. நான் யாரைத் தேடினேன்? ப்ரூடென்ஸம்மாவைத்தான்னு சொன்னேன். அவ என் நெஞ்சிலேருந்து பேட்ஜைத் தானே கழட்டி எடுத்துக்கிட்டா.

ஆச்சு, மூணு ஆகப்போகுது. அதோ நடை வாசல்ல வந்து நின்னுட்டா பாருங்க, டெனீஸ். எனக்காகத்தான் நிக்கிறா. சொல்லிடுவேன். ரெண்டு நிமிஷ வேலை. 'ஜூனோன்னு ஒருத்தி இருந்தா. சீட்டி நின்னுச்சு. தட்டுல ஒரு துண்டு...' சொல்லிடுவேன், பாருங்க.

உள்ள போன கூட்டம் வெளியில வருது போல. ஒவ்வொருத்தரா நடையில விடுறாங்க. அந்த மஞ்சள் ஜாக்கெட் உங்க பேத்தியா? சுட்டியா இருக்காளே. சீட்டி அடிக்க வரலையா அதுக்கு? வெறும் காத்துதான் வருது. பாவம், உதட்டைக் குவிச்சுக் குவிச்சுப் பார்க்குது.

இருங்க.

பேசாம இருங்க. கேக்குதா?

உங்களுக்கும் கேக்குதா? நிஜமாவா? சத்தியமாச் சொல்லுங்க. இத்தனை வருஷத்துல ஒருத்தருக்கும் கேட்டதில்லைங்க. அதே மெட்டு. அதே நடவுப் பாட்டு. நான் சொன்னேன்ல, கேக்கும்னு சொன்னேன்ல?

யாரு? உங்க பேத்தியா பாடுறா? சீட்டி வரலைன்னு பாடுறாளா? நீங்களா சொல்லிக் குடுத்தீங்க?

ஆமாம். ஆமாம், திருத்துறைப்பூண்டில்ல நீங்க.

இதோ, அந்த இழுப்பு வருது. எடுத்துட்டா. அப்படித்தான். அப்படித்தான் எடுப்பா.

நின்னுபோச்சு.

ஏங்க, பாட்டு நின்னுபோச்சுங்க. பாதியில நின்னுபோச்சு. ஏன் நிறுத்திட்டா? விடுங்க, என் கையை விடுங்க, டெனீஸ் பார்த்தாப் பார்க்கட்டும். பேட்ஜ் என்ன பேட்ஜ், அவளே வச்சுக்கட்டும். அந்தக் கதவு திறந்து கிடக்குங்க, வெளியில குளிரு, கோட்டு இல்லை அவகிட்ட.

பவுனு! அடி பவுனு! நிறுத்தாதேடி. பசிச்சா ஒண்ணு எடுத்து வாயில போட்டுக்கம்மா, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன், எத்தனை வேணா எடுத்துக்க. பாடு. நீ பாடினாத்தான் நீ இருக்கேன்னு எனக்குத் தெரியும்.